இஸ்திரிப் பெட்டியை மாற்றும் முன்: க்வில்ட், தையல் வேலையில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சட்டை தேய்க்க வாங்கிய பெட்டியை வைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் க்வில்ட், அதாவது துணித் துண்டுகளைச் சேர்த்து உள்ளே பஞ்சு வைத்த போர்வை, தைக்க ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான். கொஞ்ச நாளில் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும், பார்டர் அலை அலையாக நிற்கும், துணியை விறைப்பாக்க உள்பக்கம் சூட்டில் ஒட்டும் பக்ரம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். உடனே புதுப் பெட்டி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். சில சமயம் அது உண்மைதான். பல சமயம் கோளாறு பெட்டியில் இருக்காது; அதைப் பிடிக்கும் கையிலோ, அடியில் இருக்கும் மேசையிலோ, ஊற்றும் தண்ணீரிலோ இருக்கும். அதனால் இங்கே அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். என்ன தப்பாகிறது, அதை எப்படிச் சோதிப்பது, கையில் இருக்கும் பெட்டியை வைத்தே எப்படிச் சரிசெய்வது, அதற்கும் சரியாகாவிட்டால் புதிதில் எதைப் பார்த்து வாங்குவது என்று அந்த வரிசையில் போகலாம்.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். தேய்ப்பது வேறு, அழுத்துவது வேறு. சட்டையைத் தேய்க்கும்போது பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கிறோம். தைத்து முடித்த துணி அதைத் தாங்கும். க்வில்ட் துண்டுக்கு நான்கு பக்கமும் வெட்டின விளிம்புதான். இழுத்தால் இழுத்த பக்கம் போய்விடும். அதனால் பெட்டியைத் தூக்கி வைத்து, சில நொடி அழுத்தி, மறுபடி தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் மாறினாலே கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி காணாமல் போகும்.

பெட்டியைப் பற்றி முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

முதல் சோதனை மூன்று பட்டை. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, கால் அங்குலத் தையல் விட்டு ஒன்றோடொன்று சேர்த்துத் தையுங்கள். அழுத்தி முடித்த பிறகு நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும், மொத்த அகலம் மூன்றரை அங்குலம். குறைந்தால் தையல் உள்ளே போயிருக்கிறது, அல்லது அழுத்தும்போது மடிப்பு ஒளிந்துகொண்டிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, துண்டைத் திருப்பி உள்பக்கம் தையலுக்கு விட்ட துணியை அளந்தால் போதும். அங்கே கால் அங்குலம் சரியாக இருந்தால் தையலில் பிழை இல்லை.

இரண்டாவது சோதனை பெட்டிக்கு. அடர்நிறப் பருத்தித் துணி ஒன்றை லேசாக ஈரமாக்கி, சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். பெட்டியைப் பருத்திக்கான சூட்டில் வைத்து, நீராவியை மூடிவிட்டு, அந்த ஈரத் துணியின் மேல் ஐந்து நொடி அசைக்காமல் வைத்துத் தூக்குங்கள். சூடு நன்றாகப் பட்ட இடம் காய்ந்து வெளுக்கும். படாத இடம் கறுப்பாகவே இருக்கும். நீராவித் துளைகள் இருக்கும் இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நுனிப் பக்கம் முழுக்க ஈரமாகவே இருந்தால் உங்கள் பெட்டிக்கு நுனியில் சூடு போதவில்லை என்று அர்த்தம். சூட்டை அளக்கும் அகச்சிவப்புக் கருவி வைத்திருப்பவர்கள் அதை நேரடியாக அடித்தட்டில் காட்ட வேண்டாம். பளபளப்பான உலோகத்தில் அது உண்மைச் சூட்டைவிடக் குறைத்துக் காட்டும். ஈரத் துணி அப்படி ஏமாற்றாது.

அறிகுறி: பிளாக் (துண்டுகள் சேர்ந்து உருவாகும் ஒரு கட்டம்) சொன்ன அளவுக்கு வரவில்லை, சின்னதாகிவிடுகிறது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதற்காகவே நான் ஒரு தடவை தேவையில்லாமல் பெட்டி மாற்றினேன். ஒரு வரிசையில் ஒன்பது சதுரங்கள். எல்லாவற்றையும் அளந்து வெட்டினேன், மிஷினில் கால் அங்குலப் பாதம் போட்டுத் தைத்தேன். வரிசையை விரித்து அளந்தால் அரை அங்குலம் குறைவு. பெட்டிக்குக் கனம் போதவில்லை, தையல் சரியாகப் படியவில்லை என்று நினைத்துக் கனமான நீராவிப் பெட்டி ஒன்றை வாங்கினேன். அடுத்த வரிசையும் அதேதான்.

பிறகு ஒரு தையலை விளக்கடியில் வைத்து, தையலின் இரண்டு பக்கத்துத் துணியையும் கட்டைவிரல்களால் விலக்கிப் பார்த்தேன். தையல் கோட்டை ஒட்டி, நூல் கனத்துக்கு ஒரு பட்டை மடிந்து உள்ளே கிடந்தது. மேலிருந்து பார்த்தால் தட்டையாகத்தான் தெரிந்தது. விலக்கியதும் அந்த மடிப்பின் கோடு கூர்மையாக, பெட்டி அழுத்தின பளபளப்போடு தெரிந்தது. கனமான பெட்டி அந்த மடிப்பை இன்னும் நன்றாகப் பதித்துக் கொடுத்திருந்தது, அவ்வளவுதான். ஒரு தையலுக்கு 1/16 அங்குலம். ஒன்பது சதுரத்துக்கு எட்டுத் தையல். எட்டுப் பதினாறில் ஒன்று சேர்ந்தால் அரை அங்குலம். கணக்கு அப்படியே பொருந்தியது.

இதைச் சரிசெய்வது எளிது. தைத்து முடித்ததும் துண்டை விரிக்காதீர்கள். இரண்டு துணியும் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருக்கும் நிலையிலேயே தையல் கோட்டின் மேல் பெட்டியை வைத்து இரண்டு மூன்று நொடி அழுத்துங்கள். நூல் துணிக்குள் படிந்து உட்காரும். அப்புறம் அடர்நிறத் துணி மேலே வரும்படி போட்டு, அதை விரலால் திறந்து, தையல் கோட்டை நகத்தால் ஒரு தடவை நீவிவிட்டு, பெட்டியின் ஓரத்தைக் கோட்டின் மேல் சாய்வாக இறக்குங்கள். முழு அடித்தட்டையும் ஒரேயடியாக வைத்தால்தான் மடிப்பு மாட்டிக்கொள்கிறது. ஓரம் முதலில் இறங்கினால் துணி தானாகவே தள்ளி விரிந்துகொள்ளும்.

அப்படியும் தையல் புடைத்துக்கொண்டே இருந்தால், பெட்டியை எடுத்த அடுத்த நொடி வழவழப்பாக இழைத்த, பூச்சில்லாத ஒரு கடின மரக்கட்டையை அந்த இடத்தில் வைத்து, ஆறும் வரை அழுத்திப் பிடியுங்கள். கிளாப்பர் என்ற பெயரில் இது விற்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, துணி ஆறும்வரை தட்டையாகப் பிடித்துவைக்கும். துணி படிவது சூட்டில் இல்லை, அந்தச் சூடு இறங்கும்போதுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு கனமான பெட்டி மேல் எனக்கிருந்த ஆசை பாதியாகக் குறைந்துவிட்டது.

அறிகுறி: பார்டர் அலை அலையாக நிற்கிறது, சதுரம் சாய்சதுரமாகிறது

துணி இழுபட்டிருக்கிறது. நேர் இழையில் வெட்டின துண்டு அவ்வளவாக இழுபடாது. கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டின விளிம்பு ரப்பர் மாதிரி நீளும். முக்கோணத் துண்டுகளில் ஒரு விளிம்பாவது கிராஸாகத்தான் இருக்கும். அந்த விளிம்பின் திசையில் பெட்டியை இழுத்தால் கதை முடிந்தது, நீராவியும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஈரமும் சூடும் சேரும்போது பருத்தி இழை நெகிழ்ந்துவிடும், நாம் தள்ளின வடிவத்தில் அப்படியே காய்ந்துபோகும்.

துண்டுகள் பிளாக்காகச் சேர்ந்து முடியும் வரை நீராவியை முழுக்க மூடிவையுங்கள். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி ஸ்பிரே போட்டுக் கொஞ்சம் விறைப்பாக்கினால் கிராஸ் விளிம்புகூட அடங்கி நிற்கும். பெட்டியை எப்போதும் துணியின் நேர் இழையைப் பார்த்து இறக்குங்கள். பிளாக் முடிந்த பிறகு, கடைசி அழுத்தலுக்கு வேண்டுமானால் ஒரு தடவை நீராவி கொடுக்கலாம்.

ஏற்கனவே நெளிந்துவிட்ட பிளாக்கை ஓரளவு மீட்கலாம். சரியான அளவுச் சதுரத்தை இஸ்திரி மேசையின் உறையிலோ ஒரு துணியிலோ வரைந்து, பிளாக்கை அந்தக் கோட்டுக்கு இழுத்து ஊசி குத்தி, பெட்டியைத் துணியில் படாமல் மேலே பிடித்து நீராவி காட்டி, முழுக்க ஆறவிட்டு எடுங்கள். இந்த இடத்தில் கண்ணாடித் தலை ஊசிதான் வேண்டும். பிளாஸ்டிக் தலை உருகி அடித்தட்டில் ஒட்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் இதை வைத்து ஒன்றைக் கவனிக்கலாம். நீராவியை முழுக்க நிறுத்தும் வசதி அந்தப் பெட்டியில் உண்டா? சில மாடல்களில் குறைக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. க்வில்ட் வேலைக்கு அது ஒத்துவராது.

அறிகுறி: ஒட்டும் பக்ரம் கொப்புளிக்கிறது, ஓரம் பிரிகிறது

காலர், கஃப், பை, அப்ளிக் (துணியின் மேல் துணி வைத்துத் தைப்பது) வேலை செய்பவர்கள் எல்லாரும் ஒரு நாளாவது இதைப் பார்த்திருப்பார்கள். கொப்புளத்தின் வடிவத்தைப் பாருங்கள், காரணம் அதிலேயே இருக்கும்.

சின்னச் சின்ன வட்டங்களாக, ஒழுங்கான இடைவெளியில் எழும்பியிருந்தால் அது நீராவித் துளைகளின் வேலை. துளைக்கு நேர் கீழே உலோகம் இல்லை, சூடும் அழுத்தமும் இல்லை. பெட்டியை முதலில் ஓர் இடத்தில் வைத்து அழுத்தி, தூக்கி, அரை அகலம் தள்ளி மறுபடி வையுங்கள். முதல் தடவை துளை இருந்த இடத்தில் இரண்டாம் தடவை உலோகம் வரும். இந்த வேலையே அதிகம் செய்பவராக இருந்தால், துளையே இல்லாத அடித்தட்டு கொண்ட, நீராவி இல்லாத சாதாரண உலர் பெட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. விலை குறைவு, ஒழுகாது, பழுதாவதற்கு உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், தையல்காரர் வாங்கும் இரண்டாவது பெட்டி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒழுங்கில்லாமல் பெரிய கொப்புளமாக எழும்பினால் இரண்டில் ஒன்று. துணி முன்பே நனைக்கப்படாமல் இருந்து, ஒட்டும்போது சுருங்கியிருக்கும்; அல்லது சூடு அதிகமாகி பக்ரம் சுருங்கியிருக்கும். மூலைகள் மட்டும் பிரிந்தால் அழுத்தின நேரம் போதவில்லை. பக்ரத்தின் கூடவே வரும் தாளில் எத்தனை நொடி, நீராவியோடா இல்லாமலா என்று போட்டிருக்கும்; பெரும்பாலும் 10 முதல் 15 நொடி. மனசுக்குள் எண்ணும்போது நாம் எல்லாரும் வேகமாக எண்ணிவிடுகிறோம். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஒட்டிய பிறகு ஆறும் வரை அந்தத் துணியைத் தூக்காதீர்கள். சூடாக இருக்கும்போது பசை இளகியே இருக்கும், தூக்கி வளைத்தால் பிடிப்பு விட்டுவிடும்.

பசை பெட்டியில் ஒட்டிக்கொண்டால்

பக்ரத்தைத் தலைகீழாக வைத்து அழுத்திவிட்டீர்கள். எல்லாரும் செய்வதுதான். பெட்டி சூடாக இருக்கும்போதே, தடிமனான பழைய பருத்தித் துணியை மேசையில் போட்டு, அதன் மேல் பெட்டியைத் தேயுங்கள். இளகின பசை பெரும்பாலும் துணிக்கு வந்துவிடும். பூச்சு இல்லாத எஃகு அடித்தட்டாக இருந்தால், ஒரு தாளில் தூள் உப்பைப் பரப்பி, நீராவி இல்லாமல் அதன் மேல் சூடாகத் தேய்த்தால் மிச்சமும் போகும். ஒட்டாத பூச்சுள்ள தட்டில் உப்போ, சோடா மாவோ, கம்பி நாரோ எதுவும் கூடாது, பூச்சு கீறிவிடும். அதற்கு ஈரத்துணியும் பொறுமையும்தான். பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தால் மட்டும் எதிர்மாறாகச் செய்யுங்கள்: பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறவிட்டு, மரக் கரண்டியால் நெம்பி எடுங்கள்.

பெட்டிக்கும் துணிக்கும் நடுவில் கேக் சுடும்போது போடும் பேக்கிங் தாளோ டெஃப்லான் விரிப்போ போட்டு வேலை செய்தால் இந்தப் பாடே இல்லை.

அறிகுறி: தண்ணீர் ஒழுகுகிறது, பழுப்பாகத் துப்புகிறது

ஒழுகுவதும் துப்புவதும் வேறு வேறு. தெளிந்த நீர் சொட்டினால் பெரும்பாலும் பெட்டி கெட்டுப்போகவில்லை; சூடு போதவில்லை. உள்ளே இருக்கும் அறை போதுமான சூட்டில் இருந்தால்தான் அதில் விழும் நீர் ஆவியாகும். பெட்டியில் போட்டிருக்கும் புள்ளிகளைப் பாருங்கள். துணியின் லேபிளில் இருக்கும் அதே குறிகள்தான் அவை: ஒரு புள்ளி 110 டிகிரி செல்சியஸ், இரண்டு 150, மூன்று 200 வரை. நீராவிக்குக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும். ஒரு புள்ளியில் வைத்து நீராவியைத் திறந்தால் சொட்டத்தான் செய்யும். நீராவிப் பொத்தானை அடுத்தடுத்து அழுத்தினாலும் உள்ளே சூடு இறங்கி, கடைசியில் நீராகவே வரும். இரண்டு அழுத்தலுக்கு நடுவில் சில நொடி விடுங்கள். வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிமிர்த்தி வையுங்கள்.

பழுப்பாக, துருபோலத் துப்பினால் உள்ளே உப்பு படிந்திருக்கிறது. கடின நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து சூட்டில் பிரிந்து வெள்ளைப் படிவாக உட்காரும். அதோடு கஞ்சியும் துணித் தூசும் கருகிச் சேர்ந்தால் இந்த நிறம். வெள்ளைப் பின்னணித் துணி கெட்டுப்போவது இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் வேலை தொடங்கும் முன் ஒரு பழைய துணியின் மேல் இரண்டு மூன்று முறை நீராவி விட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பெட்டியில் தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி இருந்தால் மாதம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள்.

தண்ணீர் எது என்பதில் தயாரிப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. சில பெட்டிகளுக்குக் குழாய் நீர்தான், சிலவற்றுக்குக் காய்ச்சி வடித்த நீரும் குழாய் நீரும் பாதிப் பாதி. கூட வந்த கையேட்டில் இருப்பதைச் செய்யுங்கள். வினிகர் ஊற்றலாமா என்பதற்கும் அதேதான் பதில். உள்ளே இருக்கும் ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பல கையேடுகள் கூடாது என்கின்றன. வாசனை நீர், ஏசியிலிருந்து சொட்டும் நீர் இரண்டும் எந்தப் பெட்டிக்கும் வேண்டாம்.

க்வில்ட் வேலைக்கு எனக்குப் பிடித்த வழி இது: பெட்டியில் தண்ணீரே ஊற்றாமல், நுண்ணிய துளியாகப் பீய்ச்சும் ஒரு ஸ்பிரே பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. ஈரம் வேண்டிய இடத்தில் மட்டும் விழும், பெட்டிக்கும் ஆயுசு கூடும்.

அறிகுறி: பாதி வேலையில் பெட்டி ஆறிப்போகிறது

தானே அணையும் வசதிதான் காரணம். படுக்கவைத்தபடி அசைக்காமல் விட்டால் அரை நிமிடத்தில், நிமிர்த்தி வைத்தால் எட்டு நிமிடத்தில் அணைவது பல மாடல்களில் உள்ள ஏற்பாடு. சட்டை தேய்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நாமோ பத்து நிமிடம் தைத்துவிட்டு, எழுந்து வந்து அரை நிமிடம் அழுத்துகிறோம், மறுபடி உட்காருகிறோம். ஒவ்வொரு தடவையும் பெட்டி ஆறியிருக்கும். விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் அழுத்தினால், படியாத தையலைப் படிந்ததாக நினைத்து அடுத்த துண்டைச் சேர்த்துவிடுவோம்.

வேலையின் வரிசையை மாற்றிப் பாருங்கள். நூலை வெட்டாமல் இருபது, முப்பது ஜோடிகளைத் தோரணம்போலத் தொடர்ந்து தைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழுத்துங்கள். மின்செலவும் குறையும். இந்த வசதியைத் தேவைப்பட்டால் நிறுத்திவைக்கக் கூடிய மாடல்களும் உண்டு, உலர் பெட்டிகள் பலவற்றில் இது இருப்பதே இல்லை. ஆனால் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தாலோ, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறக்கும் பழக்கம் இருந்தாலோ, எரிச்சலாக இருந்தாலும் தானே அணையும் பெட்டியைத்தான் வாங்கச் சொல்வேன். மற்றவர்கள் கடிகார டைமர் உள்ள பிளக் பாயிண்டில் பெட்டியைச் செருகிக்கொள்ளலாம். ஆனால் அந்த டைமர் பெட்டியின் வாட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

வயரில்லாத பெட்டி வாங்கியவர்களுக்கும் இதே புகார் வரும். அது தாங்கியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் சூடாகிறது. எடுத்த நொடியிலிருந்து ஆறிக்கொண்டே வரும். சின்னத் துண்டுகளை அழுத்தித் திருப்பி வைப்பவருக்குச் சுகமாக இருக்கும். 15 நொடி வீதம் பக்ரம் ஒட்டுபவருக்கு உதவாது.

அறிகுறி: துணி கருகுகிறது, பளபளப்பு ஏறுகிறது, நூல் அறுகிறது

தெர்மோஸ்டாட் சூட்டை ஒரே அளவில் பிடித்துவைப்பதில்லை. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கித்தான் சராசரியைக் காக்கிறது. போட்டவுடன் முதல் தடவை விளக்கு அணையும்போது சூடு குறித்த அளவைத் தாண்டிப் போயிருக்கும். மெல்லிய துணியாக இருந்தால் விளக்கு மறுபடி எரிந்து இரண்டாம் தடவை அணையும் வரை பொறுங்கள். பெட்டி சூடாவதைவிட ஆறுவதற்கு அதிக நேரம் எடுக்கும் என்பதால், குறைந்த சூடு வேண்டிய துணிகளை முதலில் முடித்துவிட்டுப் பருத்திக்குப் போவதுதான் வசதி.

அடர்நிறத் துணியில் பளபளப்பு வந்தால் உள்பக்கமாக அழுத்துங்கள், அல்லது மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலால் க்வில்ட் செய்திருந்தால் முழுச் சூடு அதற்கு ஆகவே ஆகாது. உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்து முடித்த க்வில்டை நேரடியாக அழுத்தினால் பஞ்சு தட்டையாகிவிடும், திரும்ப எழும்பாது. அழுத்துவதெல்லாம் பஞ்சு வைக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

கஞ்சி ஸ்பிரே வெள்ளைச் செதிலாக உதிர்ந்தால் அவசரம்தான் காரணம். அடித்தவுடன் பெட்டியை வைத்தால் கஞ்சி மேலேயே வெந்துவிடும். ஒரு நிமிடம் ஊறவிட்டு, மறுபக்கத்திலிருந்து அழுத்துங்கள்.

அறிகுறி: அழித்த கோடு திரும்பி வருகிறது

சூட்டில் மறையும் பேனா மை சுமார் 60 டிகிரியில் நிறமிழக்கிறது, அழிவதில்லை. உறைநிலைக்குக் கீழே 10 டிகிரிக்கும் கீழாகப் போனால் மறுபடி தெரியத் தொடங்கும். குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பும் க்வில்டில் இந்தப் பேனாவைத் தையலுக்கு விட்ட துணிக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். நீரில் கரையும் நீல மை இதற்கு நேரெதிர்: சூடு பட்டால் துணியிலேயே நிலைத்துப்போகலாம். முதலில் குளிர்ந்த நீரில் முழுக்க அலசிவிட்டு, அப்புறம்தான் பெட்டி.

தாளில் அச்சடித்த வடிவத்தின் மேல் துண்டுகளைத் தைப்பவர்களுக்கு இன்னொன்று. லேசர் பிரிண்டரின் கறுப்பு என்பது உருகி ஒட்டும் பிளாஸ்டிக் தூள். சூட்டில் அது மறுபடி இளகி அடித்தட்டுக்கும், அங்கிருந்து உங்கள் வெள்ளைத் துணிக்கும் போகும். அச்சுப் பக்கத்தில் நேரடியாகப் பெட்டி படக் கூடாது. நீராவியும் வேண்டாம், தாள் சுருண்டுகொள்ளும்.

அறிகுறி: நுனி போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை

ஈரத்துணிச் சோதனையில் நுனி ஈரமாகவே நின்றதா? இது புதுப் புகார் இல்லை. 1900-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஏர்ல் ரிச்சர்ட்சன் மின்சாரப் பெட்டி செய்து கொடுத்தபோது, நடுவில் கொதிக்கிறது, நுனியில் சூடில்லை என்றுதான் பெண்கள் குறை சொன்னார்கள். நுனிவரை சூடேறும்படி மாற்றிச் செய்ததிலிருந்துதான் ஹாட்பாயிண்ட் என்ற பெயரே வந்தது. மடிப்புக்குள்ளும் ப்ளீட்ஸுக்குள்ளும் காலர் முனையிலும் வேலை செய்யும் நமக்கு இன்றும் அதே தேவைதான். நுனி மொண்ணையாக உள்ள பெட்டியை இதற்காக மாற்றலாம், தப்பில்லை. சின்ன அப்ளிக் இலைகள், கிராஸ் பட்டிகள் மாதிரி வேலைக்கு மட்டும் என்றால் விரல் நீளத் தட்டுள்ள மினி பெட்டி ஒன்று போதும். ஆனால் அதுவே முதல் பெட்டியாக இருக்கக் கூடாது. அதில் ஒரு கெஜம் துணியைத் தேய்க்கப் பொறுமை போதாது.

அறிகுறி: மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன

முதலில் மேசையின் உயரத்தைப் பாருங்கள். கை மடக்கி நின்றால் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் தோள் பெட்டியைத் தூக்குகிறது. நாம் இழுத்துத் தேய்ப்பதில்லை, தூக்கித் தூக்கி வைக்கிறோம். ஒன்றரைக் கிலோப் பெட்டியை ஒரு மாலையில் இருநூறு தடவை தூக்கினால் முந்நூறு கிலோ. தடித்த டெனிம், பை, கோட்டு தைப்பவருக்குக் கனம் உதவும். மெல்லிய பருத்தித் துண்டுகளுக்கு இலேசான பெட்டியும் கடினமான அடிப்பரப்பும் போதும்.

அடிப்பரப்பு என்றதும் ஞாபகம் வருகிறது: தையல் விளிம்பின் தடம் மேல்பக்கம் கோடாகத் தெரிந்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். விளிம்புக்கு அடியில் ஒரு தாள் பட்டையைச் செருகி அழுத்தினால் தடம் விழாது. மெத்தென்ற உறை போட்ட மேசையில் க்வில்ட் துண்டு அமுங்கிக் குழியும். அழுத்தமான கம்பளி விரிப்பு நல்லது, அது சூட்டைப் பிடித்துவைத்துக் கீழிருந்தும் கொடுக்கும். அந்த விரிப்பைத் துணி வெட்டப் போடும் கட்டிங் மேட்டின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள். சூடு கீழே இறங்கி மேட் வளைந்துவிடும், மறுபடி நிமிராது. பாலிஷ் போட்ட மரமேசைக்கும் நீராவி ஆகாது.

கடையில் நிற்கும்போது

அங்கே சூடு பண்ணிப் பார்க்க விடமாட்டார்கள், அதனால் கையால் பார்க்க வேண்டியதைப் பாருங்கள். மேசையிலிருந்து பத்துத் தடவை தூக்கி வையுங்கள். தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் இன்னும் கால் கிலோ கூடும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடித்தட்டைத் திருப்பி ஒரு ஸ்கேலின் ஓரத்தைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். தட்டு எங்கே குழிந்திருக்கிறதோ அங்கே வெளிச்சம் தெரியும். துளைகள் எத்தனை, எங்கே என்று பாருங்கள். நிமிர்த்தி வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். பின்புறம் குறுகலாக இருந்தால் ஆடும். கம்பளி விரிப்பின் மேல் அது நிச்சயம் சாயும். இடதுகைக்காரர்கள் வயர் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

வாட் அதிகம் என்றால் அதிகச் சூடு என்று நினைக்க வேண்டாம். உச்சச் சூட்டைத் தீர்மானிப்பது தெர்மோஸ்டாட். வாட் கூடினால் இழந்த சூடு வேகமாகத் திரும்பும், நீராவி தடைப்படாமல் வரும். உலர் பெட்டிக்கு 1000 வாட்டே தாராளம். பெட்டி சூடேறத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் தையல் மிஷினின் விளக்கு மங்கினால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருக்கிறீர்கள். இஸ்திரிப் பெட்டியை எடுத்து நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். அதோடு, அந்த எக்ஸ்டென்ஷன் வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.